கோழிக்கூட்டுக்குப் போன வேலி

வினாயகமூர்த்தியின் அரிசி மில்லில் சட்டம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. வாசலில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டகத்தில். 'தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் சுருக்கம்' என்று தலைப்பு, கீழே பொடி எழுத்தில் இரண்டு பத்தி. சாமிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்தார்கள். சட்டத்தின் மேல் படிந்த தவிட்டுத் தூசியைத் துடைக்கக்கூட ஆளில்லை. அதை வாசித்த ஒரே ஆள் அன்னப்பூரணிதான்.

ஏறாவூருக்குத் தெற்கே, வாவிக் கரையோரம் இருந்த அந்த மில்லுக்கு அவள் பதினெட்டு வயதில் களத்து வேலைக்கு வந்தாள். உன்னிச்சைப் பக்கத்து வயல்வட்டைகளில் விளைந்து வாவியைத் தாண்டி வரும் நெல்லை அவித்து, சீமெந்துக் களத்தில் பரப்பி, வெயிலில் காலால் கிளறிக் கிளறிக் காயவைக்கும் வேலை. ஓ.எல். சோதனையில் கணிதம் காலை வாரிவிட்டதோடு அவளுடைய படிப்பு முடிந்தது. வாசிக்கிற பைத்தியம் மட்டும் முடியவில்லை. பேப்பர் ஒழுங்காக வராத காலம். மத்தியானச் சோற்றை மில் வாசல் நிழலில் வைத்துத் தின்றபடி அந்தச் சட்டத்தையே திரும்பத் திரும்ப வாசித்தாள். சுழலும் பாகம் ஒவ்வொன்றையும் சுற்றி உறுதியான வேலி இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது வேலி கழன்றிருக்கக் கூடாது. விபத்துப்பட்டவன் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமற் போனால் பரிசோதகருக்கு எழுதி அறிவிக்க வேண்டும். நாளடைவில் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. களத்துப் பெண்கள் அவளுக்குப் 'பிரக்கிராசி' என்று வழக்கறிஞர் பட்டம் சூட்டினார்கள். ஒரு சாக்கு கிழிந்திருந்தாலும், சட்டத்தில் இதற்கு என்ன கிடக்கிறது என்று பிரக்கிராசியிடம் கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மில்லுக்குள்ளே இருந்தது ஒரே ஒரு எஞ்சின். அது நீளமான இரும்புத் தண்டு ஒன்றைச் சுழற்றும். தண்டிலிருந்து அகலமான பெல்ற்றுகள் உமி நீக்கும் மெசினுக்கும் தீட்டும் மெசினுக்கும் ஓடும். இவற்றைச் சுற்றி ஒரு காலத்தில் ஆளுயரத்துக்கு இரும்புக் கம்பி வலை நின்றது. சட்டம் சொன்ன வேலி அதுதான். பரிசோதகர் ஒருவர் மூன்று தரம் வந்து, சண்டை பிடித்து, முதலாளியைக் கொண்டு போடுவித்தது. அவர் கடைசியாக வந்தது எண்பத்தொன்பதில். தொண்ணூறில் யுத்தம் மறுபடி மூண்டபின் அவர் வரவில்லை. வெளியே போனவன் வீடு திரும்புவதே பெரும்பாடாயிருந்த ஊருக்கு, மெசினுக்கு வேலி இருக்கிறதா என்று பார்க்க யார் வரப்போகிறார்?

வலை கழன்றதும் அந்த வருடத்தில்தான். டீசல் பெர்மிட்டில், அதுவும் சொட்டுச் சொட்டாய்க் கிடைத்தது. கிழட்டு எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்புவதென்றால் அது குடிக்கிற டீசலில் பத்து மூட்டை குற்றிவிடலாம். ஆகவே காலையில் கிளப்பினால் பின்னேரம் வரை எஞ்சினை நிறுத்துவதில்லை என்று முதலாளி முடிவெடுத்தார். ஒரு மெசின் ஓய வேண்டுமென்றால் ஓட்டத்திலேயே அதன் பெல்ற்றைத் தட்டி விழுத்தினார்கள். திரும்ப வேண்டியபோது, சுழலும் சக்கரத்திலேயே கையால் தள்ளி மாட்டினார்கள். நாளுக்குப் பத்துத் தரம் இப்படிச் செய்ய வலை இடைஞ்சலாக இருந்தது. கழற்றிச் சுவரில் சாத்தினார்கள். பிறகு அது முதலாளி வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவாகிப் போனது. அந்த வருடம் முதலாளியின் கோழி ஒன்றைக்கூட மரநாய் பிடிக்கவில்லை. மில்லில் வேலை செய்த ஆண்கள் ஒன்பது பேரும் அந்த வலை இல்லாமலே அதற்குப் பிறகு வேலை செய்தார்கள்.

பெல்ற் மாட்டுவதில் நல்லரத்தினத்தை மிஞ்ச ஆளில்லை. இடக்கையால் பெல்ற்றை ஏந்துவான், வலது உள்ளங்கையால் ஒரே ஒரு தள்ளு, அது சக்கரத்தில் போய்க் கச்சிதமாக உட்காரும். வாசலுக்கு நேரே களத்தில் நிற்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் அவனும் செய்வான். ஒருநாள் அன்னப்பூரணி நேரே அவனிடம் போய், வேலி இல்லாமல் இப்படிச் செய்வது குற்றம் என்று சொன்னாள். யாருடைய குற்றம் என்று அவன் கேட்டான். முதலாளியுடையது என்றாள்.

"அப்ப எனக்கொரு பயமுமில்ல புள்ள" என்றான்.

அடுத்த ஆவணியில் அவனையே கட்டினாள். ஊர் வழக்கப்படி அவன் பெண் வீட்டுக்குக் குடிவந்தான். கலியாணத்துக்குப் பிறகு அவள் வேலியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பேசினால் அவனுடைய வேலை போகும். வேலை போனால் வேறு எங்கே போவது? வாவியில் வலை வீசுவதற்கும் தடை, காட்டில் விறகு வெட்டுவதற்கும் தடை. புருஷன் பின்னேரம் இரண்டு கையோடும் வீட்டுக்கு வருகிறானா என்று வாசல் படலையில் நின்று பார்ப்பாள். வந்துவிட்டால் அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிடுவாள்.

தொண்ணூற்று நான்கு மாசி மாதம். பெரும்போக வெட்டு முடிந்து மில்லில் நெல் மலையாய்க் குவிந்து கிடந்தது. அன்று காலை எங்கிருந்தோ வந்த பீரங்கிச் செல் ஒன்று ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில் விழுந்து வெடித்தது. இரண்டு தென்னை முறிந்ததே தவிர ஒருவருக்கும் காயமில்லை. சனங்கள் சற்று நேரம் குந்தியிருந்துவிட்டு எழும்பி வேலையைப் பார்த்தார்கள். மத்தியானம் பெல்ற் கழன்றது. அதுவும் பழைய பெல்ற். புதிது வாங்க வழியில்லாமல் கம்பியால் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி குத்தாமலிருக்க நல்லரத்தினம் உள்ளங்கையில் சீலைத்துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தான். தள்ளிய நேரம் அந்தக் கம்பித் தையல் சீலைத்துண்டைக் கௌவிக்கொண்டது.

களத்தில் நின்ற அன்னப்பூரணிக்கு எஞ்சினின் சத்தம் ஒரு கணம் தடுமாறி மறுபடி சீராவது கேட்டது. எஞ்சின்காரர் இளையதம்பி ஓடிப்போய் அதை நிறுத்தினார். மில் அமைதியானபோதுதான் நல்லரத்தினம் கத்துவது வெளியே கேட்டது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது.

முதலாளி கல்நெஞ்சக்காரர் இல்லை. தன் வேட்டியை உரிந்து அவரே கட்டுப் போட்டார், தன் வானிலேயே அவனைப் படுக்க வைத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வழியில் புருஷனின் தலையை மடியில் வைத்திருந்த அன்னப்பூரணியிடம் அவர் மெல்லப் பேச்செடுத்தார்.

"இஞ்ச பார் புள்ள. மில்லெண்டு சொன்னா பொலிசு வரும், மில்லைப் பூட்டுவாங்க, அவ்வளவு சனமும் பட்டினி. நட்டஈடு கேட்டு எழுதினாலும் கொழும்பில பாக்க ஆளில்ல, உனக்கு ஒண்டும் வராது. காலையில விழுந்த செல்லால எண்டு சொல்லு. செல்லால பட்டதெண்டா அரசாங்கம் கச்சேரியால உதவி குடுக்குது. கிராம சேவகர் ஜீ.எஸ்.ஸிட்ட நான் கதைக்கிறன்."

சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள். விபத்தை எழுதி அறிவிப்பது முதலாளியின் கடமை என்று ஊரில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த நேரம் முதலாளி சொன்னதுதான் அவளுக்கு நியாயமாகப் பட்டது. யுத்தத்தில் போன கைக்கு ஒரு விலை இருந்தது. மில்லில் போன கையைக் கேட்பதற்கு நாதியில்லை.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தவர் கேட்டபோது செல் என்றாள். டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இது மெசினில் அகப்பட்டு நசிந்த கை மாதிரியல்லவா இருக்கிறது, நடந்தது என்ன, பயப்படாமல் சொல்லுங்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"செல்தான் ஐயா" என்றாள் அன்னப்பூரணி.

விறாந்தை நிறையச் சனம் காத்துக் கிடந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். வீட்டுக்கு விட்ட நாளில் கையில் கொடுத்த நோய்க்குறிப்பு மட்டையில், குண்டு வெடிப்புக் காயம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

உதவிப் பணம் ஏழு மாதம் கழித்து வந்தது. ஜீ.எஸ்.ஸின் அத்தாட்சிக் கடிதத்தை வைத்து, அவள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அதில் கூரைக்குத் தகரம் போட்டார்கள். முதலாளி நல்லரத்தினத்தைக் கைவிடவில்லை. நெல் அவிக்கும் அடுப்புக்கு உமி தள்ளுகிற வேலை கொடுத்தார். இடக்கையால் செய்யலாம். தன் ஒரு கையை மில் தின்றதற்கு மற்றக் கையால் அதற்குச் சோறு போடுவதாக அவன் சிரித்துச் சொல்வான். அந்தப் பகிடிக்கு அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

வினை அந்த மட்டையில் இருந்தது. பட்டணத்துக்குப் போகிற வழியில் இராணுவச் சோதனைச் சென்றி இருந்தது. ஒரு கை இல்லாத இருபத்தொன்பது வயதுத் தமிழனை அங்கே சண்டையில் கை போன இயக்கப் போராளியாகத்தான் பார்த்தார்கள். எங்கே போன கை என்று கேட்டார்கள். மில்லில் என்றான். அதற்கு அத்தாட்சித் துண்டு இருக்கிறதா என்றார்கள். அவன் வெள்ளந்தியாக மட்டையை எடுத்து நீட்டினான். அதை வாசித்துவிட்டுப் பின்னேரம் வரை வெயிலில் முழங்காலில் நிற்க வைத்து, பிறகு போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் பட்டணத்துப் பக்கம் போவதில்லை. மட்டையை எரித்துவிடலாம் என்றான். துண்டே இல்லாத கை அதைவிட ஆபத்து என்று அவள் பயந்தாள். இனி ஒரே வழி, அந்தக் கை மில்லில் போனது என்று ஒரு துண்டு எடுப்பதுதான். தன் பொய்யைத் தானே அழிக்க வேண்டும்.

அவள் மறுபடி வாசலுக்குப் போய், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, சட்டத்தை வாசித்தாள். முன்பு பொழுது போவதற்காக வாசித்தது. இப்போது ஒவ்வொரு வரியும் அவளைப் பிடித்து உலுக்கியது. அன்றைக்கே முதலாளி எழுதி அறிவித்திருந்தால் அதன் பிரதி ஒன்று கையில் இருந்திருக்கும். சென்றியில் காட்டியிருக்கலாம். அவள் அவருடைய வீட்டுக்கே போய்க் கேட்டாள். முற்றத்தில் கோழிக்கூடு, அதன் கதவாய் அந்த வலை. அதைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். இப்போது எழுதினால், அப்போது ஏன் அறிவிக்கவில்லை என்று தன்னைக் கேட்பார்கள் என்றார் அவர். பொய் சொல்லி ஏன் காசெடுத்தாய் என்று அவளையும் உள்ளே போடுவார்கள், கொஞ்சம் பொறுத்திரு, சமாதானம் வரப்போகிறதாம் என்றார்.

தொண்ணூற்றைந்து தையில் சமாதானம் என்று ஒன்று வரத்தான் செய்தது. அன்னப்பூரணி அந்தச் சட்டத்தின் அடியிலிருந்த பரிசோதகர் அலுவலக விலாசத்துக்குத் தன் கைப்பட எழுதினாள். வலை கழன்றது, பெல்ற்றின் தையல், கை போனது, தான் பொய் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்குக் காசு வேண்டாம், வாங்கியதையும் திருப்பிக் கட்டுகிறேன், இது மெசினால் பட்ட காயம் என்று ஒரு துண்டு மட்டும் தாருங்கள் என்று முடித்திருந்தாள். பதிவுத் தபாலில் போட்டுவிட்டுப் பங்குனி முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கிற்று. கடிதம் போய்ச் சேர்ந்ததா, யாராவது பிரித்தார்களா என்று இன்று வரை தெரியாது.

ஆனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். நல்லரத்தினம் முழுக்கைச் சேட்டு மாட்டிக் கையை மறைத்துக்கொண்டுதான் போனான். வெறுமையாய்த் தொங்கிய சேட்டுக் கையே அவனைக் காட்டிக்கொடுத்தது. பைக்குள்ளிருந்த மட்டையை எடுத்து வாசித்தார்கள். லொறியில் ஏற்றும்போது அவன் அவளைத் தேடிப் பார்த்து, உமி அடுப்பைப் பற்றி ஏதோ சொன்னான். லொறிச் சத்தத்தில் அவளுக்கு விளங்கவில்லை.

இப்போதுதான் முதலாளிக்குப் பயத்தைவிட வெட்கம் பெரிதாயிற்று. மில்லின் பெயர் அச்சடித்த தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்து, மறுநாள் அவளோடு முகாமுக்கு வந்தார். அங்கே அதிகாரி ஒருவர் கடிதத்தை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு வாசித்துக் கேட்டார். அவருடைய மேசையில் ஏற்கனவே ஆஸ்பத்திரி மட்டை இருந்தது, ஜீ.எஸ்.ஸின் கடிதம் இருந்தது, அவள் பணம் வாங்கிய பத்திரத்தின் பிரதியும் இருந்தது. ஒரே இரவுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவள் எழுதிய கடிதத்துக்கு அந்த நாட்டில் கால் முளைக்கவில்லை, இந்தத் துண்டுகளுக்கு மட்டும் முளைத்திருந்தது.

"ஆஸ்பத்திரி செல் எண்டு சொல்லுது, ஜீ.எஸ். செல் எண்டு சொல்லுறார், நீங்களும் செல்லெண்டு கையெழுத்து வச்சிரிக்கீங்க. இண்டைக்கு மில்லெண்டு சொல்லுறீங்க. எது பொய் எண்டு கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"செல் எண்டதுதான் பொய். நான்தான் சொன்னன்."

அதிகாரி அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டே இரண்டு வசனம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லச் சற்றுத் தயங்கினார்.

"காசுக்குப் பொய் சொன்னவ, புருசனுக்காகச் சொல்லமாட்டாவா எண்டு கேக்கிறார்."

விசாரித்துவிட்டு விடுவோம், போய்வாருங்கள் என்றார்கள். அடுத்த கிழமை போனபோது அப்படி ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் போனபோது அந்தப் பெயரில் ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். மட்டையையும் திருப்பித் தரவில்லை. அவள் போகாத முகாமில்லை, கொடுக்காத மனுவில்லை. மழைக்காலத்தில் அந்தத் தகரக் கூரையின் கீழ் இருக்க முடியாமல், சத்தம் ஓயும் வரை குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நிற்பாள். வேறு பிழைப்பில்லாததால் அதே மில்லின் அதே களத்தில் நெல் கிளறினாள். பிரக்கிராசி என்று பிறகு யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதிப் பாதைகள் திறந்தார்கள். அந்த வருடக் கடைசியில், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, பரிசோதகர் வருகிறார் என்று மில்லுக்குக் கடிதம் வந்தது. அவர் வருவதற்கு முதல்நாள் கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். கோழிப் பீ காய்ந்து கிடந்த வலையைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவும் வேலை அன்னப்பூரணிக்கு வந்தது. கழுவினாள். பழைய இடத்தில் பூட்டினார்கள்.

வந்தவர் புதியவர், இளவயசு, மரியாதையான மனிதர். விபத்துப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். தொடக்கம் முதல் வெறுமை. இந்த மில்லில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்டார். முதலாளி நிலத்தைப் பார்த்தார். அன்னப்பூரணி களத்திலிருந்து காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கை போன கதை முழுவதையும் சொன்னாள். சொன்ன பொய்யையும் சொன்னாள். புருஷனைக் கொண்டுபோன கதைக்கு வருவதற்குள் அந்த மனிதர் பையிலிருந்து படிவத்தை எடுத்துவிட்டார். அவருக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது. விபத்தை அறிவிக்கும் தவணை எப்போதோ முடிந்துவிட்டது என்றாலும், யுத்தத்தைக் காரணம் காட்டித் தானே எழுதுவதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பதிவை மாற்றவும் வழியிருக்கிறது என்றார். அவள் எட்டு வருடமாய்க் கேட்டு நின்ற துண்டு அவருடைய பேனா முனையில் இருந்தது.

"அவரை மட்டும் ஒருக்காக் கூட்டி வாங்கம்மா. கையைப் பார்த்தா, மெசினால பட்டதெண்டு டொக்டர் எழுதித் தருவார். எண்டைக்கு எண்டு திகதி போடட்டும்?"

முதலாளி நெல் மூட்டை ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அவரைக் கூட்டி வர ஏலுமெண்டா எனக்கு இந்தத் துண்டு தேவையில்ல ஐயா" என்றாள் அன்னப்பூரணி.

இளையதம்பிதான் அவரைத் தனியே கூட்டிப்போய் விளங்கப்படுத்தினார். ஆள் இல்லாமல் அந்தப் படிவத்தை நிரப்ப இடமில்லை. பரிசோதகர் அதைப் பையில் வைத்தார். பிறகு கண்ணாடி போட்ட சட்டத்தைப் பார்த்தார், தண்டைச் சுற்றி நின்ற வலையைக் கையால் அசைத்துப் பார்த்தார். வந்த வேலையை முடிக்க வேண்டுமே. வேலி உறுதியாக உள்ளது என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பாராமல் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

அடுத்த கிழமை, பெல்ற் மாட்ட இடைஞ்சல் என்று வலை மறுபடி கழன்றது. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு களத்தின் நடுவால் முதலாளி வீட்டுப் பக்கம் போனார்கள். கால் பட்டு நெல் சிதறாமலிருக்க அன்னப்பூரணி பரப்பிய நெல்லை ஒதுக்கி அவர்களுக்கு வழி விட்டாள்.